நீலகிரி தந்த அந்துப்பூச்சி அறிஞர்: ஸர் ஜார்ஜ் ஹாம்ப்ஸன்

தோற்றுவாய்

உலகிற் புகழெய்தியோருட் பெரும்பாலோர், மக்கள் பெரியவை என்று மதிப்பனவற்றை நாடிச் சென்றவரேயாவர். நாட்டை வென்றார், கடலைக் கடந்தார், கொடுமுடியில் ஏறினார் என அவர்தம் வரலாறுகள் விரியும். பிறர் காலடியிற் கிடக்கும் சிற்றுயிர்களைக் குனிந்து நோக்கிப் பெருமையுற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஸர் ஜார்ஜ் பிரான்ஸிஸ் ஹாம்ப்ஸன் என்பார். இவர் நம் நீலகிரி மலையில் தேயிலை பயிரிட வந்தவர். வந்த இடத்தில் அந்துப்பூச்சிகளிடத்துத் தம் மனத்தைப் பறிகொடுத்தவர். முடிவில் இந்திய நாட்டு அந்துகளையேயன்றி, உலகத்து அந்துகள் பலவற்றையும் வகுத்துப் பெயரிடும் பெரும்பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்.

விளக்கில் வீழ்ந்து மடியும் விட்டிலை அறியாமைக்கு உவமை கூறுதல் நம் நாட்டு வழக்கு. அத்தகைய பூச்சிக்கு ஒரு பெயரிட்டு, அதன் சிறகின் நரம்புகளை எண்ணி, நூலில் எழுதி வைத்தலால் மக்கட்கு யாது பயன்? இவ்வரலாற்றைப் படிக்கும் எவர்க்கும் இவ்வினா எழும். ஹாம்ப்ஸன் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே இதற்கு நிறைவான விடை கிடைத்தது. அவ்விடை மணத்தைப் பற்றியது என்பதே வியப்பு. அதனை ஈண்டு அவர் வாழ்க்கையோடு இயைத்துக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

ஹாம்ப்ஸன் 1860-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் தோன்றினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சார்ட்டர்ஹௌஸ் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எக்ஸிட்டர் கல்லூரியிலும் கல்வி கற்றார். பிரபுத்துவக் குடியிற் பிறந்த இவர் தம் நாட்டிலேயே ஓய்வாக வாழ்ந்திருத்தல் கூடும். எனினும், அக்காலத்து ஆங்கில இளைஞர் பலரைப் போலவே இவரும் கடல் கடந்து, தோட்டத் தொழிலை மேற்கொண்டு, நீலகிரியை அடைந்தார்.

நீலகிரி வாழ்க்கை

அந்நாளைய நீலகிரி இன்றைய நீலகிரி அன்று. மேட்டுப்பாளையத்திற்கு இருப்புப் பாதை வந்திருந்தது. ஆயின் மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ஆம் ஆண்டிலும், உதகமண்டலத்தை எட்டியது 1908-ஆம் ஆண்டிலுமேயாம். அதற்கு முன்னர்க் கல்லாறு, பர்லியாறு வழியாக வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையே வழி. காபியும் சிங்கோனாவும் தேயிலையும் மலைச் சரிவுகளிற் பரவி வந்த காலம் அது. தோட்டம் அமைப்பார் காட்டை அழித்துப் பயிர் செய்தனர். அழியாது எஞ்சிய சோலைகளோ எண்ணிறந்த உயிர்களுக்கு உறைவிடமாய் நின்றன.

பூச்சியினங்களை ஆராய்வார்க்கு நீலகிரியினும் சிறந்த கழகம் பிறிதொன்றில்லை எனலாம். அடிவாரத்தின் கிழக்கே முட்புதர்க் காடு. மேற்கே கூடலூரை நோக்கிச் சரியும் பக்கத்தில் பெருமழை பொழியும் அடர்காடு. உச்சியிற் புல்வெளியும், பள்ளந்தோறும் குளிர்ந்த சோலையும். தொட்டபெட்டாச் சிகரம் கடல்மட்டத்திற்கு மேல் 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. ஒரு நாட் பயணத்தில் வெப்ப நாட்டையும் குளிர் நாட்டையும் கண்டு மீளலாம். உயரம் மாறுந்தோறும் செடி மாறும். செடி மாறுந்தோறும் அதனைத் தின்னும் புழு மாறும். புழு மாறவே அதனின்று தோன்றும் அந்தும் மாறும்.

இத்தகைய மலையில் வாழ்ந்த இளைஞர், கண்ணைத் திறந்து நோக்கினார். தோட்டக்காரர் பலரும் ஓய்வு நேரத்தை வேட்டையிலும் விருந்திலும் கழித்த அக்காலத்தில், இவர் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் தேடித் தொகுத்தார். 1888-ஆம் ஆண்டில், நீலகிரி மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை, வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. ஆசிரியர் துணையோ, ஆராய்ச்சிச் சாலையோ, சம்பளமோ இன்றி, ஒரு தேயிலைத் தோட்டக்காரர் செய்த பணி இஃது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

லண்டனில் ஊதியமில்லாப் பணி

பின்னர் இவர் இங்கிலாந்திற்கு மீண்டார். மீண்டவர் தம் தொகுப்பைக் கண்ணாடிப் பேழையிற் பூட்டி வைத்து மகிழ்ந்தாரல்லர். லண்டன் மாநகரத்து பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் ஊதியம் பெறாத தொண்டராக அமர்ந்தார். அங்கிருந்து 1891-ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்து அந்துகளைப் பற்றிய நூலும், 1893-ஆம் ஆண்டில் இலங்கை அந்துகளைப் பற்றிய நூலும் வெளியாயின. இவ்விரண்டும் பொருட்காட்சிச் சாலை வெளியிட்ட வரிசையின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளாம்.

இதனிடையே இந்திய உயிரினங்களை முறையே விரித்துரைக்கும் பெருநூல் வரிசையொன்று பிளான்போர்டு என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்து கொண்டிருந்தது. அதில் அந்துகளைப் பற்றிய பகுதி ஹாம்ப்ஸனிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் வெளியாயின. பின்னாளில் இந்தியாவில் பயிர்ப்பூச்சிகளை ஆராய்ந்தோர், தம் கையில் அகப்பட்ட அந்து யாதென அறிய முதலிற் புரட்டியது இந்நான்கு தொகுதிகளையே.

இவ்வுழைப்பைக் கண்ட டாக்டர் குந்தர் என்னும் விலங்கியல் தலைவர் 1895-ஆம் ஆண்டில் இவரைப் பொருட்காட்சிச் சாலையின் உதவியாளராக நியமித்தார். அடுத்த ஆண்டு, குடும்ப உரிமையாகப் பாரனெட் பட்டம் இவரை அடைந்தது. அவ்வரிசையில் இவர் பத்தாமவர். பட்டம் வந்ததென்று இவர் மேசையை விட்டெழவில்லை. 1901-ஆம் ஆண்டில் துணைக் காப்பாளராய் உயர்ந்தார். 1898 முதல் 1920 வரை, உலகத்து அந்துகளை வரிசைப்படுத்தும் பெரும் பட்டியலை வண்ணப்படங்களோடு தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1936-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

உணர்கொம்பின் சான்று

ஹாம்ப்ஸன் நூல்களைப் புரட்டுவோர், ஒவ்வோர் இனத்தையும் பிரித்தறிய அவர் எவ்வுறுப்புகளைத் துணைக்கொண்டார் என்பதை எளிதிற் காணலாம். சிறகின் நரம்பமைப்பு முதன்மையானது. அதனையடுத்து, தலையினின்று நீளும் இரண்டு உணர்கொம்புகள். இவை சிலவற்றில் நூல் போன்றவை. சிலவற்றில் இரம்பப் பல் போன்றவை. சிலவற்றில் இருபுறமும் சீப்புப் பற்கள் நிறைந்து பறவை இறகு போன்றவை. ஆணின் உணர்கொம்பு ஒருவகையாகவும், பெண்ணின் உணர்கொம்பு பிறிதொரு வகையாகவும் அமைந்திருத்தல் உண்டு. இவ்வேறுபாட்டை அவர் ஒவ்வொரு பேரினத்திற்கும் தவறாது குறித்துச் சென்றார். ஆணின் காலிலோ சிறகிலோ மயிர்க்கற்றை இருப்பின் அதனையும் எழுதினார்.

அவர்க்கு இவை அடையாளங்கள். இயற்கைக்கோ இவை கருவிகள். ஆண் அந்தின் இறகு போன்ற உணர்கொம்பு அதன் நாசியேயாகும்! இருளிற் பறக்கும் இவ்வுயிர், தன் துணையைக் கண்ணாற் காண்பதில்லை; மணத்தாற் காண்கின்றது.

தென் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த பாபர் என்னும் பூச்சியறிஞர் (1823-1915) இவ்வியல்பை நன்கு ஆராய்ந்தார். கம்பிவலைக் கூண்டில் அடைத்த ஒரு பெண் அந்தை நாடி, இரவில் ஆண் அந்துகள் கூட்டமாய் வந்தமை கண்டார். பெண்ணைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பேழையில் இட்டு மூடியபோது, கண்ணெதிரே இருந்தும் ஆண்கள் அதனை நாடவில்லை. ஆயினும் மனிதர் நாசிக்கு அங்கு யாதொரு மணமும் புலப்படவில்லை. நாற்றம் மிக்க பொருள்களைச் சூழ வைத்தபோதும் ஆண்கள் வழி தவறவில்லை. இப்புதிரை முழுதும் விடுவிக்க அவர் காலத்து இரசாயன நூல் போதியதாயில்லை.

புதிர் விடுபட்ட வகை

ஹாம்ப்ஸன் மறைந்து 23 ஆண்டுகள் கழிந்த பின், 1959-ஆம் ஆண்டில், ஜெர்மானிய இரசாயன அறிஞர் பூட்டெனாண்ட் அம்மணப் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அதற்காக அவரும் அவருடன் உழைத்தோரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று, ஐந்து இலட்சம் பெண் பட்டு அந்துகளின் சுரப்பிகளைச் சேகரிக்க வேண்டியதாயிற்று. கிடைத்த பொருளோ சில மில்லிகிராம்களே. அதற்குப் பாம்பிகால் என்று பெயரிட்டனர். ஓருயிர் வெளிவிட, அவ்வினத்தைச் சேர்ந்த மற்றோருயிர் உணர்ந்து செயற்படும் இத்தகைய பொருள்களுக்குப் பெரோமோன் என்னும் பொதுப்பெயர் அவ்வாண்டிலேயே வழங்கலாயிற்று.

இம்மணம் உணரப்படும் முறை வருமாறு: ஆணின் உணர்கொம்பிற் பல்லாயிரம் நுண்மயிர்கள் உள. ஒவ்வொரு மயிரின் மேலும் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் பல. காற்றில் மிதந்து வரும் மணத்துகள் மயிரின்மேற் படிந்து, துளை வழியே உள்ளே இறங்கும். உள்ளிருக்கும் நீரில் அதனைத் தாங்கிச் செல்லும் புரதமொன்று உண்டு. அது நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியிடம் அத்துகளைச் சேர்க்கும், பூட்டிற்குத் திறவுகோல் பொருந்துதல் போல அஃது ஆங்குப் பொருந்தும், நரம்பு துடிக்கும். பட்டு அந்தில் ஓர் அணுவைத் தூண்ட ஒரே ஒரு மூலக்கூறு போதும். பின்னர் அத்துகளை அங்குள்ள நொதிகள் சிதைத்து விடுகின்றன. அதனாலன்றோ அடுத்து வரும் துகளைப் புதிதாய் உணர்தல் இயலும்! மணத்தை உணர்ந்த ஆண் காற்றை எதிர்த்துப் பறக்கும். மணம் அற்றுப் போயின் இடமும் வலமுமாக அலைந்து தேடி, மீண்டும் பற்றி முன்னேறும். இறகு போன்ற அகன்ற உணர்கொம்பு, காற்றினின்று துகள்களை வடித்தெடுக்கும் வலையாகும். ஹாம்ப்ஸன் சீப்புப் பல் என எழுதி வைத்ததன் பொருள் இதுவே.

செடியின் மணம்

துணையைத் தேட மட்டுமன்றி, உணவைத் தேடவும் மணமே பூச்சிக்கு வழிகாட்டி. நீலகிரியில் மிகுதியாகப் பயிராகும் முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வோம். முட்டைக்கோஸும் கடுகும் ஒரே குடும்பம். இலை கடிபடுங்கால் கடுகின் காரமணம் எழும். அது பெரும்பாலான பூச்சிகளை விலக்கும் காப்பாகும். ஆயின் வைரமுதுகு அந்து என்னும் சிறு பூச்சிக்கு அம்மணமே அழைப்போலை! பெண் அந்து அதனை உணர்ந்தே வந்து முட்டையிடும். புழுக்கள் இலையை அரித்துச் சல்லடையாக்கும். உழவன் மருந்தை மேன்மேலும் தெளிக்க, அப்பூச்சியோ மருந்துகளைத் தாங்கும் வன்மையை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று வந்தது. இதனாலேயே மருந்தன்றிப் பிற வழிகளை நாடுதல் இன்றியமையாததாயிற்று.

நம் நாட்டிலேயே அவ்வழியொன்று முன்னர்க் காணப்பட்டிருந்தது. பீஹாரில் பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலட் என்பார், காமாட்சிப்புல் இனத்து ஸிட்ரொனெல்லாத் தைலத்தைப் பழ ஈக்கள் நாடி மொய்ப்பதை 1912-ஆம் ஆண்டில் அறிவித்தார். வந்தவை யாவும் ஆண் ஈக்களே. அவற்றை இழுத்த பொருள் மெத்தில் யூஜினால் என்பதை 1915-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் வீட்டு முற்றத்துத் துளசியிலும் அப்பொருள் உண்டு. மாந்தோப்புகளில் துளசிச் சாற்றை வைத்துப் பழ ஈயைப் பிடிக்கும் வழக்கம் இதனை ஒட்டியதே. பசிபிக் பெருங்கடலில் உள்ள ரோட்டா என்னும் தீவில், இப்பொருளோடு நஞ்சைச் சேர்த்து வைத்து, 1960-களில் ஓரினப் பழ ஈயை அடியோடு ஒழித்தனர்.

பெயரும் மணமும்

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஒவ்வோரினத்திற்கும் அதற்கே உரிய மணக் கலவை உண்டு. இரண்டு மூன்று பொருள்கள் குறித்த அளவிற் கலந்திருத்தலே பெரும்பான்மை. அளவு சிறிது மாறினும் ஆண் வாராது. எனவே, பொறியில் வைக்கும் மணம், வயலில் உள்ள பூச்சிக்கு உரியதாயிருத்தல் வேண்டும். வயலில் உள்ள பூச்சி யாது என்று அறியாதான் எம்மணத்தை வைப்பான்? ஆகவே பெயரை அறிதல் முதற்படி. மணத்தை அறிதல் அடுத்த படி. பயிரைக் காத்தல் மூன்றாம் படி. முதற்படி இன்றி மூன்றாம் படியில் ஏறுதல் எங்ஙனம்?

இதற்குச் சான்றொன்று ஹாம்ப்ஸன் பணியிலேயே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளில் கம்பே ஏழை மக்களின் உணவு. அக்கம்பின் தண்டைத் துளைத்துப் பயிரை அழிக்கும் அந்து ஒன்றை 1919-ஆம் ஆண்டில் ஹாம்ப்ஸன் விவரித்து, இக்னெபூஸாலிஸ் என்று பெயரிட்டார். பல்லாண்டுகள் கழித்து அவ்வந்தின் பெண் வெளிவிடும் மணத்தை அறிஞர் ஆராய்ந்து செயற்கையாக ஆக்கி, அதனைப் பொறியில் வைத்து ஆண்களைப் பிடித்தனர். அதன் பேரினப் பெயர் இடையில் மாறிற்று. அவர் இட்ட சிற்றினப் பெயரோ இன்றும் நிலைத்துள்ளது. லண்டனில் ஒரு மேசைமேல் ஊசியிற் குத்தி வைக்கப்பட்ட சிறு பூச்சிக்கும், தொலைவில் ஓர் உழவன் கலத்திற் சேரும் கம்பிற்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிப்பட்டது.

குறையும் நிறையும்

ஹாம்ப்ஸன் முறையிற் குறையில்லாமல் இல்லை. அவர் சிறகின் நரம்பையும் புறத்தோற்றத்தையும் மிகுதியும் நம்பினார். பூச்சியின் இனவுறுப்புகளை அறுத்து நோக்கி வேற்றுமை காணும் முறை பிற்காலத்தில் ஓங்கியபோது, அவர் வகுத்த பிரிவுகள் பல மாற்றப்பட்டன. ஓரினம் என அவர் எண்ணியது பலவினமாகவும், பலவினம் என எண்ணியது ஓரினமாகவும் முடிந்தமை உண்டு. புறத்தோற்றத்தைக் கொண்டு அறியவியலாத வேற்றுமையும் உலகில் உள. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்காச்சோளத்தைத் துளைக்கும் அந்தொன்று தோற்றத்தில் வேறுபாடின்றி இரண்டு பிரிவாக உள்ளது. இரண்டின் பெண்களும் வெளிவிடும் மணப்பொருள்கள் அவையே. கலக்கும் அளவு மட்டும் தலைகீழ். ஒரு பிரிவின் ஆண் மற்றதன் பெண்ணைப் பெரும்பாலும் நாடுவதில்லை. நம் கண் காணாத எல்லையை அவற்றின் உணர்கொம்பு காண்கின்றது.

எனினும் திருத்துவதற்கும் முதலில் ஒன்று எழுதப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? ஹாம்ப்ஸன் எழுதி வைத்தமையாலேயே பின்வந்தோர் திருத்தினர். அவர் பட்டியலின்றேல், எதனை மாற்றுவது என்றே அறியாது அவர்கள் மயங்கியிருப்பர். அறிவு வளர்வது இவ்வாறே. ஒருவர் கட்டிய படியின்மேல் நின்றே மற்றொருவர் அடுத்த படியைச் செப்பனிடுகின்றார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டு. ஒன்று, வாழும் இடமே சிறந்த கல்விச்சாலை என்பது. ஹாம்ப்ஸனுக்கு நீலகிரி வாய்த்தது. நம்மில் ஒவ்வொருவர்க்கும் ஒரு குன்றோ, குளமோ, வீட்டுக் கொல்லையோ வாய்த்துள்ளது. மற்றொன்று, பயன் உடனே தோன்றவில்லை என்று நற்பணியைக் கைவிடலாகாது என்பது. தாம் வரைந்த உணர்கொம்புகள் எதனை முகர்கின்றன என்பதை முற்றும் அறியும் நாள் வருமுன்னரே அவர் மறைந்தார். ஆயினும் அவர் பணி வீணாகவில்லை. இன்று நீலகிரிச் சரிவில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஒரு மணப்பொறி தொங்குமாயின், அதனுள் வீழ்ந்த அந்து யாதென்று சொல்லுதற்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயர்களைப் பொறுமையோடு தொகுத்தளித்தோர் வரிசையில் அம்மலையில் ஒருகாலத்துத் தேயிலை பயிரிட்ட ஹாம்ப்ஸனும் இருக்கின்றார். அவர் இட்ட பெயர்கள் வழங்குமளவும் அவர் பெயரும் வழங்கும்.